கயிறு திரித்த கதை

லைல் டேகட் செத்தது தலையில் சினிமாப் பெட்டி விழுந்து. போர் நடந்துகொண்டிருந்தது, அவன் பசிபிக் தீவு ஒன்றில் இருந்தான், சட்டையில் ராணுவப் பொத்தான் இருந்தது. ஆனாலும் அவனைக் கொன்றது ஜப்பான்காரன் இல்லை. தீவிலிருக்கும் பையன்களின் மனத்தெம்பை உயர்த்துவதற்காக ஹாலிவுட் அனுப்பிய படச்சுருள் பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே படம் போட்டாக வேண்டும் என்று ஓர் அதிகாரி கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கயிறு இற்றுப்போயிருந்தது. அறுந்தது. பெட்டிக்குள் இருந்தது ஒரு நாட்டியப் படம். சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சொன்னபடி சாயங்காலமே போட்டார்கள் என்று கேள்வி.

இதை எனக்குச் சொன்னவர் அவனுடைய அப்பா ரூபன் டேகட். கல்வர் சிட்டியில் எங்கள் ஸ்டுடியோ வாசலுக்கு எதிர்ச் சாரியில் கசாப்புக் கடை வைத்திருந்தார். நான் அந்த ஸ்டுடியோவில் வசனம் எழுதுகிறவன். பெயர் பிராட்கின், திரையில் போடும்போது பெரும்பாலும் வேறு யாருடைய பெயராவது இருக்கும். இறைச்சிக்கான சிவப்பு ரேஷன் வில்லையைக் கொடுத்துவிட்டு எலும்பும் ஜவ்வுமாக ஏதோ வாங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டேகட் கத்தியைத் துடைத்தபடியே ஆரம்பித்தார்.

"வெர்ன் வந்திருந்தான். லைலோட நின்னு மூட்டை எறக்கினவன். மலேரியான்னு லீவுல அனுப்பியிருக்காங்க. அடுத்த வாரம் திரும்பப் போறான்."

"எப்படி நடந்துச்சுன்னு சொன்னானா?"

"எல்லாம் சொன்னான். அத விடு. அந்தக் கயிற இன்னும் மாத்தலையாம்யா. அறுந்த எடத்துல முடிச்சுப் போட்டு அதையே கட்டித்தான் எறக்குறாங்களாம். கீழ பசங்க நிக்கிறாங்க. வெர்னும் போய் அதுக்குக் கீழதான் நிக்கப் போறான்."

ராணுவத்துக்கு எழுதிப் பார்த்தாராம். உங்கள் மகனின் தியாகத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கடற்படைக்கு எழுதினாராம். அதே நன்றி, தாள் மட்டும் கொஞ்சம் தடிமன். செனட்டருக்கு எழுதியதற்கு செனட்டரின் புகைப்படம் வந்தது, சிரித்த முகமாக. அதை எடுத்துக் காட்டினார். கயிறு பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"நீ சினிமாக்காரன்தான? சினிமாவுல வந்தா ஊரே பாக்கும்ல? கயிறு அறுறதக் காட்டு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. என் பையன நல்லவனாக் காட்டு, வீரனாக் காட்டுன்னு கேக்கல. கயிறக் காட்டு. பாத்த மறுநாளே எவனாவது மாத்திடுவான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரம் எங்கள் முதலாளி 'நிஜக் கதை கொண்டா, நிஜக் கதை கொண்டா' என்று அறை அறையாகக் கத்திக்கொண்டு திரிந்தார். அவராகக் கத்தவில்லை, வாரியம் கேட்டிருந்தது.

தேசிய மனத்தெம்பு வாரியம் வாஷிங்டனிலிருந்து வந்து இறங்கி, ஹாலிவுட்டில் பிணங்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. பூச்செண்டு வைக்கும் மேடைகளை யாரும் அகற்றவில்லை. அவற்றின் மேல் இப்போது திரைக்கதைகள் கிடந்தன. தலைவர் தர்லோ பிங்க்னி. போருக்கு முன் சோளப்பொரி விளம்பரத்தில் கொடிகட்டிப் பறந்தவர். நாட்டையே காலையில் உமியைத் தின்ன வைத்த மனிதர், சண்டை போட வைக்க மாட்டாரா என்று பிடித்துப் போட்டிருந்தார்கள். இங்கே எடுக்கிற படத்தில் ஒரு நாய் குரைப்பதாக இருந்தாலும் அவர் முத்திரை வேண்டும். கார் துரத்தல் எழுதினால் டயர் வீணாகும் என்பார். எழுதியே தீருவேன் என்றால், திருடன் வண்டியில் இன்னும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சிக்கனமான வேகத்தில் தப்பிக்க வேண்டும். அப்படி ஒரு படம் எழுதினேன். திருடன் வழியில் ஒரு கிழவியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் தப்பித்தான்.

முதல் கூட்டத்துக்கு டேகட்டையும் அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்திருந்தார். வாரியத்தின் கூட்டங்கள் முறுவல் நிமிடத்தோடு தொடங்கும். எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் பேசாமல் புன்னகைக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லிவைக்க நான் மறந்துவிட்டேன்.

"எதுக்குய்யா எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க?" என்று என் காதில் கேட்டார். "சட்டையில ரத்தம் கித்தம் இருக்கா?"

"இல்ல. நீங்களும் சிரிங்க."

"எதுக்கு?"

"சிரிங்க சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. நிமிடம் முடிந்ததும் பிங்க்னி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நாடே உங்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறது என்றார். பிறகு நான் எழுதிக் கொடுத்திருந்த திரைக்கதையைத் திறந்தார்.

"ஒவ்வொரு காட்சிக்கும் நாங்க கேக்கறது ஒரே ஒரு கேள்வி. இது ஜெயிக்க உதவுமா? இப்ப இந்தக் கயிறு. யாரோட கயிறு இது?"

"நம்ம கயிறுதான்" என்றேன்.

"நம்ம கயிறு அறுமா?"

"அறுந்துச்சே சார்" என்றார் டேகட்.

"அது நடந்தது. நான் அதக் கேக்கல. அறுமா?"

டேகட் என்னைப் பார்த்தார். நான் பூச்செண்டு மேடையைப் பார்த்தேன்.

"மிஸ்டர் டேகட், நான் ஒளிவு மறைவில்லாமப் பேசறவன்" என்றார் பிங்க்னி. "நிஜக் கதை வேணும்னு கேட்டதே நாங்கதான். நிஜத்த மதிக்கிற வாரியம் இது. ஆனா நிஜம்ங்கறது கதைக்குள்ள அடக்க ஒடுக்கமா உக்காரணும், துருத்திக்கிட்டு வெளிய நிக்கக்கூடாது. நான் சோளப்பொரி வித்தப்போ அது சோளப்பொரின்னு மறைச்சதே இல்ல. அதுல உமி இருக்குன்னு மட்டும் சொல்லல. அதனால யாராவது செத்தாங்களா?"

"என் பையன் செத்தான்."

"சோளப்பொரியால இல்லையே" என்றார் பிங்க்னி வெற்றியோடு. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போனேன். கயிறு தானாக அறவில்லை. எதிரியின் ஒற்றன் ஒருவன் கத்தியால் அறுத்துவிட்டான். எப்படியோ கயிறு அறுந்தால் சரி என்பது என் கணக்கு. பிங்க்னி மேசையைத் தட்டிப் பாராட்டினார். ஆனால் துறைமுகக் காவலிலிருந்து வந்திருந்தவர், நம் துறைமுகத்துக்குள் ஒற்றன் நுழைந்ததாகக் காட்டினால் காவலுக்கு இழுக்கு என்றார். சரி, எலி கடித்தது என்று மாற்றினேன். நம் கப்பலில் எலி கிடையாது என்று சுகாதாரப் பிரிவு எழுந்தது. வெயிலும் மழையும் பட்டு இற்றது என்றேன். அந்தத் தீவில் வானிலை எப்படி இருக்கிறது என்பது ராணுவ ரகசியமாம்.

கடைசியில் ஒரு கடற்படைக் கேப்டன் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, திரைச்சீலையையும் இழுத்துவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல கயிறெல்லாம் மணிலா நார்ல திரிக்கிறது. மணிலா இப்ப எதிரி கையில. நம்ம கயிறு அறுறதாக் காட்டினா, நம்மகிட்ட நார் இல்லன்னு எதிரிக்குத் தெரிஞ்சு போயிடும்."

"மணிலாவப் பிடிச்சு வச்சிருக்கறதே அவங்கதான சார்?" என்றார் டேகட். "அவங்களுக்குத் தெரியாதா?"

கேப்டன் அவர் பக்கம் திரும்பிப் பேனாவை எடுத்தார். பிறகு அவர் பெயரின் எழுத்துகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆக, கயிறு அறக்கூடாது என்று முடிவானது. படத்துக்கு 'அறாத கயிறு' என்று பெயரும் வைத்தார்கள். பெட்டிக்குள் நாட்டியப் படம் இருப்பது கௌரவக் குறைவு என்பதால் அது வெடிகுண்டுப் பெட்டியானது. குண்டு மழைக்கு நடுவே லைல் அந்தக் கயிற்றில் ஏறி, பெட்டியோடு தொங்கி, கப்பலையே காப்பாற்றுகிறான். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னது: உங்கள் ஊரில் பொய் சொல்வதைக் கயிறு திரிப்பது என்பீர்களாமே. வாரியத்தில் யாரோ உங்கள் பாஷை படித்தவர்கள் இருந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் முடிவானது டேகட்டுக்குப் பிடிபடவில்லை, கடையில் வைத்து விளக்கிச் சொன்னேன்.

"அப்ப கயிறு வருது?"

"கயிறுதான் கதாநாயகனே."

"அறுதா?"

"அறாது."

"அறாத கயித்த எவன்யா மாத்துவான்?" என்று கேட்டுவிட்டு, எலும்பை ஒரே போடாகப் போட்டார். படப்பிடிப்பு நடக்கும்போது எப்படியாவது நுழைத்துவிடலாம் என்றேன். அதை நானும் நம்பினேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது கூட்டத்தில் கொழுப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். பெயர் மிஸஸ் ஆம்ஸ்பரி. சமையலறையில் மிஞ்சும் கொழுப்பை வடித்து டின்னில் சேர்த்துக் கசாப்புக் கடையில் கொடுக்க வேண்டும், அதிலிருந்து வெடிமருந்து செய்வார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. செத்தவன் கசாப்புக்காரர் மகன் என்று கேட்டதும் அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கடவுளாப் பாத்துக் குடுத்த வாய்ப்பு! கடைசி வார்த்தை என்ன வச்சிருக்கீங்க?"

"கடைசி வார்த்தை இல்லம்மா. தலையில..."

"வைங்க. 'அம்மா, அடுப்புல இருக்கற கொழுப்ப வீணாக்கிடாத.' அப்பறம் உயிர் போகட்டும்."

"வடிகட்டணும்னு சொல்லலையே" என்றார் அவருடைய உதவியாளர்.

"ஆமா, வடிகட்டணும். 'வடிகட்டி, அகல வாய் டின்னுல ஊத்தி வை, கண்ணாடி ஜாடி வேணாம்.' கண்ணாடின்னா ஒடஞ்சிடும், மிஸ்டர் பிராட்கின்."

எழுதினேன். மார்பில் குண்டு வாங்கிய பையன் கண்ணாடி ஜாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாகும் காட்சியை என் கையால் எழுதினேன். நடிக்க வந்தவன் ஆறடி உயரம், பல்லெல்லாம் முத்து வரிசை. நிஜ லைல் கட்டையாக இருப்பான், முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும். அந்த நடிகன் நல்ல பையன்தான்; இதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்டான். பல் வலிக்கிற மாதிரி வைத்துக்கொள் என்றேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

படப்பிடிப்பு நாளில் ஒரு லாரி வந்தது. பின்னால் துப்பாக்கியோடு இரண்டு கடற்படைக்காரர்கள். அறாத கயிறு என்று பெயர் வைத்துவிட்டு அட்டைக் கயிறு காட்டினால் மானம் போய்விடும் என்று கேப்டனே கிடங்கிலிருந்து எடுத்தனுப்பியிருந்தார். புத்தம் புது மணிலா கயிறு. பொன்னிறம், மணிக்கட்டுத் தடிமன். அவிழ்த்ததும் அந்த நார் வாசனை அரங்கம் பூராவும் பரவியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த டேகட் கிட்டே போய் அதைத் தொட்டார். புரியைத் திருகிப் பார்த்தார்.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"கடற்படைக் கிடங்குலருந்து."

"அப்ப இருக்கா?"

"சினிமாவுக்கு இருக்கு" என்றேன்.

அன்று பூராவும் அவர் கயிற்றை விட்டு நகரவில்லை. சாயங்காலம் பிங்க்னி வந்தபோது, படம் எடுத்து முடிந்ததும் இதைத் தீவுக்கு அனுப்பிவிடலாமா என்று பணிவாகத்தான் கேட்டார். பிங்க்னி அவர் தோளில் கை போட்டார்.

"மிஸ்டர் டேகட், நேத்து வரைக்கும் அது கயிறு. இன்னைக்கு அது சின்னம். சின்னத்தக் கொண்டுபோய் மூட்டை கட்டலாமா?"

"அங்க பசங்க கீழ நிக்கிறாங்க சார்."

"அந்தப் பசங்களுக்காகத்தான இந்தப் படமே! முதல் பிரதி அந்தத் தீவுக்குத்தான் போகுது. நானே சொல்லி வச்சிருக்கேன். பெரிய பெட்டியா, முதல் கப்பல்ல."

டேகட்டின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்து பாசடீனாவில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு குமிழ் பொருத்தியிருந்தார்கள். தெம்பு வந்தால் வலது பக்கம் திருப்ப வேண்டும், தளர்ந்தால் இடது பக்கம். எல்லாம் சேர்ந்து பின்னறையில் ஒரு முள்ளை ஆட்டும். வாரியமே அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. கயிற்றில் ஏறும்போது முள் வலது பக்கம் ஓடியது. கொழுப்புக்கும் நன்றாகவே ஓடியது. லைல் கண்ணை மூடியதும் முள் சரசரவென்று இடது பக்கம் விழுந்து அங்கேயே கிடந்தது.

மறுநாள் காலை அவசரக் கூட்டம். முறுவல் நிமிடத்தை அவசரத்தால் அரை நிமிடமாகக் குறைத்திருந்தார்கள்.

"சாவு உதவல" என்றார் பிங்க்னி. "பையன் பொழச்சுக்கறான்."

டேகட் எழுந்தார். "எந்தப் பையன்?"

"லைல்தான். ஆஸ்பத்திரியில கண்ணத் தொறக்கறான். நர்ஸ் சிரிக்கறா. கொழுப்பப் பத்தி அப்ப சொல்லிக்கலாம், அம்மாவுக்குச் செய்தி மாதிரி."

"சார், என் பையன் செத்துட்டான் சார்."

"தெரியும். எங்களுக்கெல்லாம் வருத்தம் இருக்கு. ஆனா அது உங்க குடும்பத் தகவல். நாட்டுக்கு அது எதுக்கு? ஒரு நாடு தாங்கறதுக்கு ஒரு அளவு உண்டு, மிஸ்டர் டேகட். நீங்க ஒரு அப்பா, ஒரே ஒரு சாவத் தாங்கறீங்க. நான் ஒவ்வொரு நாளும் முள்ளப் பாக்கறவன். என்னோட கஷ்டம் யாருக்குத் தெரியும்?"

அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, அதுதான் சகிக்கவில்லை. நான் எழுந்து கத்தினேன். இது கொள்ளை, இது அக்கிரமம், உண்மைக் கதை என்று படம் தொடங்கும் எழுத்து அட்டையில் போட்டிருக்கிறோமே என்றெல்லாம் கத்தினேன். முதலாளி என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யோவ் பிராட்கின், எதுக்குய்யா துள்ற? உன்ன என்ன உயிர் குடுக்கவா சொன்னாங்க? கண்ணத் தொறக்கறான்னு ஒரு வரி எழுது. மிச்சத்த வயலின் பாத்துக்கும்."

எழுதினேன். கண் திறந்தது. வயலின் பார்த்துக்கொண்டது.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. கல்வர் சிட்டிப் பெண்கள் அகல வாய் டின்களோடு டேகட்டின் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். 'லைல் சொன்னானே' என்று டின்னை நீட்டினார்கள். வடிகட்டியிருக்கிறேன் பாருங்கள் என்றார்கள். பையன் எப்போது வருகிறான், நர்ஸைக் கட்டிக்கொள்வானா என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் அவர் ஒவ்வொருத்தியிடமும் அவன் இல்லையம்மா என்று சொல்லிப் பார்த்தார். 'அப்படி வாயில வச்சுப் பேசாதீங்க, பெத்தவரு' என்று அவரையே கடிந்துகொண்டார்கள். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். கடை முழுக்கக் கொழுப்பு வாடை.

அவர் மனைவி எட்னா தினம் மத்தியானம் தியேட்டருக்குப் போனாள். படம் முடியப் போகும் நேரத்துக்குத்தான் போவாள், வாசலில் நிற்கும் பெண் அவளைச் சும்மாவே உள்ளே விட்டுவிடுவாள். ஏன் போக விடுகிறீர்கள் என்று டேகட்டிடம் கேட்டேன்.

"போகட்டும் விடுய்யா. அது அவன் இல்லன்னு அவளுக்குத் தெரியும். அந்தப் பல்லப் பாத்தா தெரியாதா? யாரோ ஒரு பையன் கண்ணத் தொறக்கறான்ல, அதப் பாத்துட்டு வந்து சமைக்கறா."

தீவிலிருந்து வெர்ன் எழுதிக்கொண்டிருந்தான். ராணுவத் தணிக்கையில் பிளேடால் வெட்டி வெட்டி அவன் கடிதங்கள் சல்லடையாக வந்தன. டேகட் அந்த ஓட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஓட்டை இருந்தால் கயிறு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். மாற்றியிருந்தால் வெட்டியிருக்க மாட்டார்களே. எல்லாக் கடிதத்திலும் ஓட்டை இருந்தது.

பிறகு, அரசு போருக்குக் கடன் திரட்டும் பத்திர விழா வந்தது. தியேட்டர் மேடையில் பகல் காட்சிக்கு முன்னால் வாரியம் ஏற்பாடு செய்திருந்தது. நடுவில் பட்டுத் துணி மேல் அந்தக் கயிறு, சுருளாக. பத்திரம் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு விரற்கடை நீளம் வெட்டிச் சான்றிதழோடு கொடுப்பார்களாம். முதல் துண்டை வெட்ட டேகட்டை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சொந்தக் கத்தியோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"நம்ம வீரனோட அப்பா!" என்று பிங்க்னி ஒலிபெருக்கியில் முழங்கினார். "கசாப்புக் கடைக்காரர். கை சுத்தம். ஒரே சீரா வெட்டுவார்!"

கைதட்டல். டேகட் கயிற்றின் முன்னால் நின்றார். கத்தியை உறையிலேயே வைத்தார். குனிந்து, மாட்டுத் தொடையைத் தூக்கிப் பழகிய தோளில் அந்தச் சுருளை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு, படி இறங்கி, நடைபாதை வழியாக வாசலைப் பார்த்து நடந்தார். யாரும் தடுக்கவில்லை. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அழுதார்கள். வழியில் அவர் முதுகைத் தட்டினார்கள், கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"உணர்ச்சி! இதுதான் உணர்ச்சி!" என்று பிங்க்னி மேடையிலிருந்து கத்தினார். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். வாசலில் போலீஸ்காரர் சல்யூட் வைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தபால் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. ஜன்னலில் இருந்தவள் இளம்பெண், ரோஸ்மார் என்று மார்பில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள். டேகட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"சார், நீங்க லைலோட அப்பாதான? ரெண்டு தடவ பாத்துட்டேன் சார். கண்ணத் தொறப்பாரே, அங்க அப்படி அழுதேன்."

"சந்தோசம்மா. இத அனுப்பணும்."

அவள் தராசைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். "வெளிநாட்டு ராணுவப் பார்சல் அஞ்சு பவுண்டுக்கு மேல போகாது சார்."

டேகட் சுருளைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "வெட்டி வெட்டி அனுப்பலாமா? வெர்ன் படகுல வளந்தவன். புரியப் பிரிச்சுப் பின்னித் திரும்ப ஒண்ணாக்கிடுவான்."

"தாராளமா. ஆனா ஒவ்வொரு பார்சலுக்கும், இன்னது வேணும்னு அங்கருக்கற சோல்ஜர் கேட்டு எழுதின கடிதம் வேணும். இல்லாம நாங்க வாங்கக்கூடாது."

டேகட் சட்டைப் பையிலிருந்து வெர்னின் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவள் அதைப் பிரித்து, ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தாள்.

"இவர் என்ன கேக்கறாருன்னே தெரியலையே சார். பொருள் பேரு இருக்கணும்." அவள் முகம் நிஜமான அக்கறையில் சுருங்கியது. உடனே மலர்ந்தது. "இதுக்கு ஏன் சார் கஷ்டப்படறீங்க? லைலயே ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்க. அவர் எழுதினா எவன் வெட்டுவான்? எவ்ளோ பெரிய ஆளு இப்ப!"

டேகட் அவளைப் பார்த்தார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "எழுதச் சொல்றேன்."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு மூலையில் ஜனங்கள் முகவரி எழுதும் மேசைக்கு என்னை இழுத்து வந்தார். சங்கிலியில் கட்டிய பேனாவை எடுத்து என் கையில் திணித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நீதானய்யா அவன உயிரோட எழுதின? இதையும் நீயே எழுது."

வாரியம் இல்லை, முத்திரை இல்லை, முள் இல்லை. இத்தனை மாதத்தில் அந்தக் கயிற்றைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுத என்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை. 'அன்புள்ள அப்பா' என்று ஆரம்பித்தேன். டேகட் குனிந்து பார்த்தார்.

"அத அடி. அவன் அப்பான்னு கூப்பிட்டதே இல்ல."

"பின்ன?"

"கிழவான்னுதான் கூப்பிடுவான். எனக்கு ஒரு முடி நரைக்காத காலத்துலருந்தே அப்படித்தான். யோவ் கிழவா."

அடித்துவிட்டு எழுதினேன். 'யோவ் கிழவா, இங்கே கயிறு இற்றுப்போச்சு. நல்ல கயிறா ஒண்ணு அனுப்பு. லைல்.'

அவர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். அதில் படிக்க அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆனாலும் முதுகைக் காட்டி நின்றபடி ரொம்ப நேரம் படித்தார். திரும்பி வந்து, அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு" என்றார். "பார்சலுக்கு வேற எழுது."